இணையதளம், விளம்பரம், லீட்: நான்கு விலைப்புள்ளிகளை ஓர் ஆர்டர் புத்தகத்தைக் கொண்டு ஒப்பிடுதல்

சிறு உற்பத்தியாளர் ஒருவர் இணையத்தின் வழியாக விற்பனையைப் பெருக்க எண்ணி நான்கு இடங்களில் விலைப்புள்ளி கேட்டால், அவருடைய மேசைக்கு வரும் நான்கு தாள்களும் நான்கு விதமாக இருக்கும். ஒருவர் மாதக் கட்டணம் கேட்பார். இன்னொருவர் ஆண்டுச் சந்தாவுக்கு இத்தனை லீட், அதாவது வாங்க எண்ணி விசாரிப்பவர்களின் தொடர்பு விவரம், தருவதாகச் சொல்வார். மூன்றாமவர் விற்றால் மட்டும் பங்கு கொடுத்தால் போதும் என்பார். நான்காமவர் இணையதளத்தை வடிவமைத்துத் தர மொத்தமாக ஒரு தொகை எழுதியிருப்பார். இவற்றில் எது மலிவு என்று கேட்பது படியையும் முழத்தையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று கேட்பதற்கு ஒப்பாகும். ஆயினும் இந்த நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு: இந்தச் சேவை இல்லாவிட்டால் வந்திருக்காத ஓர் ஆர்டரை வரவழைக்க எவ்வளவு செலவாயிற்று என்று பார்ப்பதே அது. அந்த எண் எந்த நிறுவனத்தின் மாத அறிக்கையிலும் இருப்பதில்லை. உரிமையாளரின் ஆர்டர் புத்தகத்திலிருந்து மட்டுமே அதைக் கணக்கிட முடியும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் உணவகங்களுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை எடுக்கக்கூடிய பெரிய மாவரைக்கும் இயந்திரம்) செய்து விற்கும் ஒரு சிறு பட்டறை. ஓர் இயந்திரத்தின் விலை 32,000 ரூபாய். பொருள், கூலி, லாரி வாடகை எல்லாம் போக, விளம்பரச் செலவைக் கழிப்பதற்கு முன் கையில் நிற்பது 7,000 ரூபாய். இந்தத் தொகைகளும் கீழே வரும் கட்டணங்களும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவையே தவிர, சந்தை நிலவரம் அல்ல. படிப்பவர் தம் சொந்த எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த 7,000 ரூபாய்தான் உச்சவரம்பு. ஓர் ஆர்டரைப் பிடிக்க அதற்கு மேல் செலவானால், இயந்திரத்தோடு பணத்தையும் சேர்த்து அனுப்புகிறோம் என்று பொருள். தவறான நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, இந்த உச்சவரம்பைக் கணக்கிடாமலே பேரம் பேச உட்காருவதுதான் பெரிய பிழை என்பது என் கருத்து. வரி பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவைகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வழக்கமான பதிவில் இருப்பவர் அதை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம், சிறு வணிகர்களுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, ஒரே விலைப்புள்ளி அடுத்தடுத்த இரண்டு கடைகளுக்கு வெவ்வேறு செலவாக முடியலாம்.

முதலில் மாதக் கட்டண முறையைப் பார்ப்போம். கட்டணம் 25,000, கூகுளுக்கும் மற்றத் தளங்களுக்கும் செல்லும் விளம்பரத் தொகை 30,000, ஆக மாதம் 55,000 ரூபாய். மாத முடிவில் அழகான அறிக்கை வரும். அதில் பார்வைகள், சொடுக்குகள், பின்தொடர்வோர், தேடலில் எந்தச் சொல்லுக்கு எத்தனையாவது இடம் என்பனவெல்லாம் வண்ண வரைபடங்களாக இருக்கும். கடைசியில் 110 கன்வெர்ஷன், ஒன்றுக்கு 500 ரூபாய் என்று ஒரு வரி இருக்கும். கன்வெர்ஷன் என்றால் என்ன என்பதை முடிவு செய்பவர் விளம்பரக் கணக்கை நடத்துபவர்தான். தொலைபேசி எண்ணின் மேல் விரல் பட்டாலே ஒன்று என்று எண்ணலாம், தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே ஒன்று என்றும் எண்ணலாம். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் தன் அனலிட்டிக்ஸ் கருவியில் கூகுள் இந்தச் சொல்லை 2024-இல் கைவிட்டு 'முக்கிய நிகழ்வு' என்ற பொருள்படும் பெயரை வைத்தது. நடந்தது ஒரு நிகழ்வு மட்டுமே, விற்பனை அல்ல என்பதற்கு அந்தப் பெயர் எவ்வளவோ பொருத்தமானது.

இந்த 110 பேரையும் ஆர்டர் புத்தகத்தின் வழியாகப் பின்தொடர்ந்தால் காட்சி வேறாகிறது. நாற்பது பேர் வீட்டுக் கிரைண்டர், பழுது பார்த்தல், உதிரிக் கல் என்று வேறு எதையோ தேடி வந்தவர்கள். இருபது பேர் திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை. பேசியவர்கள் ஐம்பது, கொட்டேஷன் வாங்கியவர்கள் முப்பது, பணம் கட்டியவர்கள் ஐந்து. அப்படியானால் ஓர் ஆர்டருக்கான செலவு 500 அல்ல, 11,000 ரூபாய். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் 4,000 ரூபாய் கைநட்டம். வாங்கியவர்களில் பாதிப் பேர் இரண்டு ஆண்டுக்குள் இன்னொன்று வாங்குவார்கள் என்று நம்பிக்கையோடு கணக்கிட்டாலும் வரவு 10,500 தான், செலவை எட்டாது.

இதற்காக நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாற்பது பேர் தவறாக வந்தது அவர்களுடைய பொறுப்பு. பழுது, வீட்டு உபயோகம், உதிரிபாகம் போன்றவற்றை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது தேடலில் இருந்தால் விளம்பரம் காட்டக் கூடாத சொற்களாக, சேர்த்திருந்தால் அந்தச் சொடுக்குகளில் பெரும்பகுதிக்குப் பணம் போயிருக்காது. ஆனால் இருபது பேர் அழைப்பை எடுக்காததற்குக் காரணம், காலையில் கேட்டவரை மாலையில் கூப்பிட்டதாக இருக்கலாம். முப்பது கொட்டேஷனில் இருபத்தைந்து வீணானதில் விலைக்கும், அனுப்பிய பிறகு யாரும் விசாரிக்காததற்கும் பங்கு இருக்கலாம். விளம்பர நிறுவனத்தை விற்பனையை வைத்து மதிப்பிட விரும்புபவர், எந்தப் படி வரை அது அவர்கள் பொறுப்பு, எந்தப் படியிலிருந்து தம் பொறுப்பு என்று முதல் நாளே கோடு போட்டுவிட வேண்டும். சரியான ஆள் சரியான பொருளைக் கேட்டு அழைப்பது வரை அவர்கள். அதன் பிறகு நாம் என்பதே எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

மாதக் கட்டண முறையில் இன்னொரு வகை உண்டு. விளம்பரத் தொகையில் பத்து, பதினைந்து சதவீதம் தங்களுக்கு என்பார்கள். செலவைக் குறைத்தால் தம் வருமானம் குறையும் ஒருவரிடம் செலவைக் கட்டுப்படுத்தும் வேலையை ஒப்படைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பெரிய தொகைகளைக் கையாளும் பெரிய நிறுவனங்களுக்கு இதில் வசதி இருக்கலாம். பட்டறைக்கு நிலையான கட்டணமே பாதுகாப்பானது. தேடலில் முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று எழுதியிருக்கும் தாளைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. தேடல் தரவரிசைப் பணிக்குப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அது சொல்லியிருக்கிறது.

இரண்டாவது தாள், லீட் தரும் வணிகத் தளங்களின் ஆண்டுச் சந்தா. இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல் போன்றவை பலருக்கும் பழக்கமானவை. ஆண்டுக்கு 60,000 ரூபாய், மாதம் அறுபது லீட் என்று வைத்தால் ஒன்றுக்கு 83 ரூபாய்தான் ஆகிறது. மாதக் கட்டண நிறுவனத்தின் 500 ரூபாய் லீட்டுக்குப் பக்கத்தில் இது கொள்ளை மலிவாகத் தெரியும். ஆனால் ஒரே விசாரிப்பு பல விற்பனையாளர்களுக்கும் போய்ச் சேருவதால், நாம் அழைப்பதற்குள் அவர் மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டிருப்பார். மாதம் ஓர் ஆர்டர் முடிந்தால் செலவு 5,000. போட்டியில் விலையைக் குறைத்ததால் கையில் நிற்பது 7,000 அல்ல, 4,500 என்று ஆனால் இங்கும் 500 ரூபாய் நட்டமே. லீட்டின் விலை ஆர்டரின் விலை அல்ல என்பது இந்தக் கணக்கில் தெளிவாகிறது. எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். திருகாணி, பாலித்தீன் பை, பேக்கிங் அட்டை போல ஒருமுறை பிடித்தால் மாதாமாதம் வாங்கும் பொருளை விற்பவருக்கு, முதல் ஆர்டரில் வரும் சிறு நட்டம் பின்னால் வட்டியோடு திரும்பி வரும். பத்தாண்டு உழைக்கும் இயந்திரத்தை விற்பவருக்கு அந்த ஆறுதல் கிடையாது.

மூன்றாவதான விற்பனைப் பங்கு முறைதான் காதுக்கு இனிமையானது. அதனாலேயே அதிகம் யோசிக்க வேண்டியதும் அதுதான். விற்றால் எட்டு சதவீதம், விற்காவிட்டால் ஒன்றுமில்லை. 32,000 ரூபாய் இயந்திரத்துக்கு 2,560 போக 4,440 ரூபாய் மிச்சம். இதுவரை பார்த்தவற்றில் லாபம் காட்டும் முதல் தாள் இது. 'பலனை வைத்து மதிப்பிடுங்கள்' என்ற கோரிக்கைக்கு இதைவிட நேர்மையான பதில் வேறென்ன என்று தோன்றும்.

சிக்கல் எங்கே இருக்கிறதென்றால், எந்த விற்பனை யாருடையது என்று எண்ணுவதில் இருக்கிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஊரின் பெயரே பாதி விளம்பரம். மதுரையில் உணவகம் தொடங்கும் ஒருவர் உறவினர் சொல்லக் கேட்டு, பட்டறையின் பெயரையே கூகுளில் தட்டித் தேடி, முதலில் தெரியும் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வந்தால், அந்த ஆர்டர் விளம்பரக் கணக்கில் ஏறிவிடும். விளம்பரம் இல்லாதிருந்தால் அவர் அதற்குக் கீழே இருக்கும் கட்டணமில்லாத இணைப்பைத் தொட்டு அதே இடத்துக்குத்தான் வந்திருப்பார்.

இது வெறும் ஐயம் அல்ல. ஈபே நிறுவனம் 2012-இல் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிவந்த விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரத்தின் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர் கட்டணமில்லாத இணைப்பின் வழியாக அப்படியே வந்துவிட்டார்கள். அந்த ஆய்வை நடத்திய பொருளியலாளர்கள், பெயர் சாராத சொற்களுக்கான விளம்பரங்களிலும், ஈபேயை முன்பே நன்றாக அறிந்து அடிக்கடி வாங்குபவர்களிடம் பெரிய பலன் இல்லை என்றும், புதியவர்களிடமே பலன் இருந்தது என்றும் கண்டார்கள். ஈபே உலகறிந்த பெயர், நம் பட்டறை அப்படியல்ல என்பது உண்மைதான். விளம்பரம் வீண் என்ற முடிவுக்கு இதிலிருந்து வந்துவிடக் கூடாது. அறிக்கையில் விளம்பரத்தின் பெயரில் எழுதப்பட்ட விற்பனை வேறு, விளம்பரத்தால் கூடிய விற்பனை வேறு என்பதை மட்டும் இது ஐயமறக் காட்டுகிறது.

இதை நம் கணக்கில் போட்டுப் பார்த்தால், பங்கு கேட்கும் நிறுவனம் பத்து ஆர்டரைத் தன் கணக்கில் காட்டி 25,600 ரூபாய் வாங்கிச் செல்கிறது. அவற்றில் ஆறு எப்படியும் வந்திருக்கக்கூடியவை என்றால், உண்மையில் கூடியவை நான்கு. ஒன்றுக்கு ஆன செலவு 6,400, மிச்சம் வெறும் 600 ரூபாய். லாபம் காட்டிய தாள் இப்போது விளிம்பில் நிற்கிறது. ஏற்கெனவே நன்றாகப் பெயர் எடுத்த பட்டறைக்கு இந்த முறை நட்டமாகவும் முடியலாம். யாருக்கும் தெரியாத புதுப் பட்டறைக்கு, வரும் ஒவ்வோர் ஆர்டரும் புதியது என்பதால், இதுவே நான்கிலும் சிறந்ததாக இருக்கலாம். பழைய பட்டறைகள் இதை ஏற்பதாக இருந்தால், பழைய வாடிக்கையாளர், டீலர் மூலம் வந்தவர், பட்டறையின் பெயரைத் தேடி வந்தவர் ஆகிய மூவரையும் பங்கிலிருந்து விலக்கி எழுத வேண்டும். அதைக் கேட்டதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுகிறதா என்று பார்ப்பதும் ஒரு மதிப்பீடுதான்.

எப்படியும் வந்திருக்கும் ஆர்டர் எத்தனை என்று சிறு பட்டறை அறிவது எப்படி? ஈபே செய்ததையே சிறிய அளவில் செய்யலாம். விளம்பரத்தை மாவட்டவாரியாக இயக்கவும் நிறுத்தவும் கூகுளில் வசதி உண்டு. சேலத்திலும் திருச்சியிலும் தொடர விட்டு, மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஒரு மாதம் நிறுத்தி, ஒவ்வோர் ஊரிலிருந்தும் வரும் விசாரிப்புகளைத் தொலைபேசியை எடுப்பவர் நோட்டில் குறித்து வந்தால் போதும். மாதம் ஐந்து ஆர்டரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, அந்த எண் தற்செயலாகவே மூன்றும் ஆகும், ஏழும் ஆகும். ஆகவே ஆர்டரை விட்டுவிட்டு, தகுதியுள்ள விசாரிப்புகளை எண்ண வேண்டும். பருவத்தையும் மறக்கக் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் சமையல் ஒப்பந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். தைக்கும் ஆவணிக்கும் முன்னால் இயந்திரம் கேட்டு வருவார்கள். ஆடியில் வேலையைத் தொடங்கி ஆவணியில் அறிக்கை தரும் நிறுவனம் எதுவும் செய்யாமலே வளர்ச்சி காட்டிவிடும். ஒப்பிட வேண்டியது சென்ற ஆண்டின் அதே தமிழ் மாதத்தோடுதான்.

நான்காவது தாளான இணையதள வடிவமைப்பைப் பலனை வைத்து அளப்பது இவை எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் இணையதளம் தானாக ஆளைக் கூட்டி வருவதில்லை, வந்தவரைத் தங்கவைக்கவோ விரட்டவோ மட்டுமே செய்கிறது. புதிது என்பதாலேயே அது நன்மை தரும் என்றும் இல்லை. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் 15 கோடி பவுண்டு செலவில் புதிய இணையதளத்தைத் திறந்தது. அதற்கு அடுத்து வந்த நிதியாண்டின் முதல் காலாண்டில் அதன் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. பழைய வாடிக்கையாளர்கள் மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருந்தது அதற்குக் காரணங்களில் ஒன்று.

எதிர்த்திசையிலும் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பிரசாரக் குழு, தன் முகப்புப் பக்கத்தின் படத்தையும் பொத்தானில் இருந்த சொல்லையும் மாற்றி மாற்றி 24 சேர்க்கைகளைச் சோதித்தது. அதில் வென்ற வடிவம், பதிவு செய்வோரின் விகிதத்தை 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்த்தியது. வடிவமைப்பாளர்கள் இதைச் சொல்லி, தாங்களும் அப்படிச் சோதித்துத் தருவதாகக் கூறுவதுண்டு. அந்தச் சோதனைக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இருந்தார்கள். மாதம் தொள்ளாயிரம் பேர் வரும் பட்டறைத் தளத்தில் அதே சோதனையை வைத்தால் முடிவு தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குப் பதிலாக, நான்கைந்து மெஸ் உரிமையாளர்களிடம் அவர்களுடைய சொந்தக் கைப்பேசியில் தளத்தைத் திறக்கச் சொல்லி, பத்து லிட்டர் இயந்திரத்தின் விலையையும் அழைக்க வேண்டிய எண்ணையும் கண்டுபிடிக்கச் சொல்லிப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பது பயன் தரும். பட்டறைக்காரர் பெருமையோடு போட்ட சுழலும் படங்கள் எவ்வளவு தொல்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஆகவே இணையதள ஒப்பந்தத்தில் விற்பனையை நிபந்தனையாக எழுதுவதில் பொருளில்லை; பணித்தரத்தை எழுதலாம். முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிவிநாடிக்குள் எதிர்வினை வேண்டும், பக்கம் ஏற்றப்படும்போது எழுத்துகள் குதிக்கும் அளவு கூகுளின் அளவுகோலில் 0.1-க்கு மேல் போகக் கூடாது என்று கூகுள் வகுத்த வரம்புகளை அப்படியே ஒப்பந்தத்தில் சேர்த்து, அவை நிறைவேறிய பின்பே கடைசித் தவணை என்று வைத்துக்கொள்ளலாம். செலவைப் பொறுத்தவரை, 60,000 ரூபாய்க் கட்டணத்தையும் ஆண்டுக்கு 8,000 ரூபாய்ப் பராமரிப்பையும் மூன்று ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் ஏறத்தாழ 2,333 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஓர் ஆர்டர் கூடினாலும் தாங்கும்.

இந்த நான்குக்கும் மாற்றாக, ஓர் ஆளையே வேலைக்கு வைத்துக்கொள்வது பற்றியும் கேட்பார்கள். பொருள் தெரிந்த ஆள், அழைப்பை உடனே எடுப்பார் என்பது பெரிய லாபம். ஆனால் படம் எடுக்கவும், எழுதவும், விளம்பரக் கணக்கை நடத்தவும் ஒருவரே தேர்ந்திருப்பது அரிது. இந்த அளவுப் பட்டறைக்கு, அழைப்பை எடுக்கவும் கொட்டேஷன் அனுப்பிய மூன்றாம் நாள் விசாரிக்கவும் ஓர் ஆள் போதும். விளம்பரத்தை வெளியில் கொடுக்கலாம்.

எந்தத் தாளைத் தேர்ந்தாலும் டொமைன் (இணையதள முகவரி), விளம்பரக் கணக்கு, அனலிட்டிக்ஸ், கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தெரியும் கடை விவரம்) ஆகிய நான்கும் பட்டறையின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு நுழைவுரிமை மட்டுமே தர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் டொமைனை வடிவமைப்பாளர் தம் பெயரில் பதிவு செய்திருந்தார். பிணக்கு வந்தபோது, பெட்டிகளிலும் பில் புத்தகத்திலும் அச்சிட்டிருந்த முகவரியே கைவிட்டுப் போனது. மேலும், கூகுள் தன் பழைய அனலிட்டிக்ஸ் முறையை 2023 ஜூலை 1 முதல் நிறுத்தி, ஓராண்டு கழித்துப் பழைய தரவுகளைப் பார்க்கும் வழியையும் மூடிவிட்டது. தரவிறக்கி வைக்காதவர்களிடம் இப்போது ஒப்பிடுவதற்குப் பழைய எண்கள் இல்லை. தேதி, ஊர், எப்படித் தெரிந்துகொண்டார், கொட்டேஷன் தொகை, முடிவு என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டை யாரும் மூட முடியாது.

மேற்சொன்ன பட்டறை என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். எளிய இணையதளம் ஒன்று, விளம்பரத்துக்கு மாதம் 10,000 நிலையான கட்டணம், விளம்பரத் தொகை 20,000. தவறாக வந்த அந்த நாற்பது பேரை வடிகட்டிவிட்டால், முன்பு 30,000 செய்த வேலையை ஏறக்குறைய 20,000 செய்துவிடும். இணையதளத்தின் 2,333 ரூபாயையும் சேர்த்தால் மாதம் 32,333. ஐந்து ஆர்டர் வந்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 6,467 ரூபாய், அதாவது வரம்புக்குச் சற்றே உள்ளே. இதில் பெரிய லாபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். லாபம் தெரிய வேண்டுமானால் முப்பது கொட்டேஷனில் ஆறாவதும் ஏழாவதும் முடிய வேண்டும், அந்த வேலை பட்டறைக்குள் நடப்பது. லீட் சந்தாவை இந்த ஆண்டு விட்டுவிடலாம். விற்பனைப் பங்குப் பேச்சை, நோட்டில் ஓராண்டுக் கணக்கு சேர்ந்த பிறகு எடுக்கலாம். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு, ஒரு மாத முன்னறிவிப்பில் விலகும் உரிமையோடு இருக்கட்டும். மூன்றாம் மாதம் இரண்டு மாவட்டங்களில் விளம்பரத்தை நிறுத்திப் பார்க்கப்போவதாக அதிலேயே எழுதிவிட வேண்டும். அந்த வரிக்குக் கையெழுத்துப் போட மறுக்கும் நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்க மாட்டேன்.